கையளித்த கடமையும் கையளிக்கலாகாப் பொறுப்பும்

ஒருவன் தான் ஆற்றவேண்டிய கடமையொன்றினை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால், அக்கடமைக்கான பொறுப்பும் அவனைவிட்டு நீங்கிவிடுகின்றதா? இது மெய்யியல் விரிவுரை மண்டபத்துக்கு மட்டும் உரிய வினா அன்று. கலைப்பீட மாணவனாகிய என்னிடத்து, ஒரு மடிக்கணனியின் இருண்ட திரையிலிருந்து இது எழுந்தது.

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், கணனியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று இயக்கும் கருப்பகுதியாகும். இதனையே கேர்னல் என்பர். பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்படுந்தோறும் திருத்திய கேர்னல் வெளிவருகின்றது. எனினும், அதனை வட்டில் இட்டுவிட்டால் மட்டும் போதாது. மின்னூட்டியவுடன் முதலில் விழித்தெழும் தொடக்க நிரலுக்கு, எந்தக் கேர்னல், எங்கேயுள்ளது, எவ்வாறு தொடங்கப்படவேண்டும் என அறிவிக்கும் குறிப்பொன்று வேண்டும். அதுவே தொடக்கப் பதிவு. அச்சிறு குறிப்புப் பிழைத்தால், உள்ளே அனைத்தும் நலமாயிருந்தும் கணனி எழாது.

புதிய கேர்னல் வருந்தோறும் அதற்கான பதிவினை எழுதி, பழைய கேர்னலையும் அதன் பதிவினையும் அழித்துவிடும் சிறு நிரலொன்றை நானே எழுதி வைத்திருந்தேன். தொடக்கக் கோப்புகளுக்கு ஒதுக்கிய வட்டுப் பகுதி மிகச் சிறியது. அது நிரம்பிவிடலாகாது என்பதே என் எண்ணம். பல மாதங்கள் அது செவ்வனே இயங்கியது. அப்படியொரு நிரல் இருப்பதையே நான் மறந்துபோனேன். ஆய்வேட்டினைச் சமர்ப்பிப்பதற்கு முதல் நாள், இடம் போதாமையால், புதிய கேர்னலுடன் வரவேண்டிய துணைக்கோப்பு அரைகுறையாகவே எழுதப்பட்டது. அதனைச் சரிபாராமலே என் நிரல் பழையதை அழித்தது. மறுமுறை கணனி எழவில்லை. திரும்பிச் செல்லவும் வழியில்லை. நண்பரொருவர் தந்த யூஎஸ்பியிலிருந்து வேறொரு லினக்ஸைத் தொடக்கியே ஆய்வேட்டினை மீட்டேன்.

இங்கே குற்றவாளி யார்? இட்ட கட்டளையை வரி பிசகாது நிறைவேற்றிய நிரலைக் குறைகூறுவது பொருந்தாது. அவ்வாறாயின், இத்தகைய பணிகளை மீண்டும் மனிதக் கையே செய்யவேண்டுமெனலாமா? அதுவும் பொருந்தாது. முன்னர்ப் பெரிதும் வழங்கிய லிலோ என்னும் தொடக்க நிரல், கேர்னல் வட்டில் எவ்விடத்தில் உள்ளது என்பதை முன்கூட்டியே குறித்துவைப்பது. கேர்னலை மாற்றியவர் அதன்பின் லிலோக் கட்டளையையும் இயக்குதல் வேண்டும். மறந்தால் கணனி எழாது போகலாம். கைத்தொழில் மறதியைத் தடுத்ததில்லை. மறதிக்கு வேறோர் இடத்தை அளித்தது, அவ்வளவே. பின்வந்த கிரப், கோப்பு முறைமையைத் தானே வாசித்து அச்சுமையைக் குறைத்தது. இன்று டெபியன் போன்றவற்றில், கேர்னல் நிறுவப்பட்டதும் அதற்கென வைக்கப்பட்ட சிறு நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கிப் பட்டியலைப் புதுப்பிக்கின்றன. இதனால் மனித மாண்பு குன்றிவிட்டது என்பார் உளராயின், சலிப்பூட்டும் வேலையையே மாண்பு என அவர் மயங்குகின்றார் எனலாம்.

ஆகவே, கையளிக்கலாமா என்பதன்று வினா. எதனைக் கையளிக்கலாகாது என்பதே வினா. திருக்குறளின் பொருட்பாலில், ஆராய்ந்து நம்புதலைக் கூறும் தெரிந்து தெளிதல், வினையை ஒப்படைத்தலைக் கூறும் தெரிந்து வினையாடல் ஆகிய அதிகாரங்களுக்குச் சற்றுப் பின்னே பொச்சாவாமை வைக்கப்பட்டிருப்பது ஈண்டு நோக்கற்பாலது. நம்பி ஒப்படைத்தவனும் மறந்திருத்தல் ஆகாது.

சிஸ்டம்டி-பூட் என்னும் தொடக்க நிரலில் உள்ள ஏற்பாடொன்று இதனை நன்கு விளக்கும். புதிய பதிவின் கோப்புப் பெயரிலேயே எத்தனை முயற்சிகள் எஞ்சியுள்ளன என்னும் எண் எழுதப்படலாம். மூன்று எனக் கொள்வோம். ஒவ்வொரு முயற்சியிலும் அது ஒன்று குறையும். கணனி நலமாக எழுந்தால் அவ்வெண் நீக்கப்பட்டுப் பதிவு உறுதிபெறும். எண் சுழியாகிவிட்டாலோ அப்பதிவு பின்தள்ளப்பட்டு, பழையது முன்வரும். நலமாக எழுதல் என்பது யாது என வரையறுக்கும் உரிமை கணனியை நிருவகிப்பவரிடமே உள்ளது. ஃபெடோராவோ, வேறு விதி வகுக்காவிடில் மூன்று கேர்னல்களைப் பேணுகின்றது. புதியது தன்னை மெய்ப்பிக்குமுன் பழையது அழிக்கப்படுவதில்லை என்பதே இவ்வேற்பாடுகளின் உட்பொருள்.

என் நிரலில் இல்லாதது இதுவே. அது எழுதியது, எழுதியது சரியென எவரும் கூறாமலே, மீளும் பாதையையும் அழித்தது. அவ்வாறு அழிக்குமாறு பணித்தவன் நான். ஒருவரது பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவது முதல் ஒருவரது தகுதியை மதிப்பிடுவது வரை எத்தனையோ கருமங்கள் இயந்திரங்களிடம் செல்லும் காலம் இது. அங்கெல்லாம் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: வெற்றி யாது எனத் தீர்மானித்தவர் யார்? பிழை நேரின் திரும்பும் வழி எங்கே? இவ்விரண்டுக்கும் விடைகூற இயலாதவன் உழைப்பை மட்டும் கையளிக்கவில்லை. தன் பொறுப்பினையும் கைவிட்டவனாகின்றான்.