மரத்தில் பிறந்தால் போதுமா?

புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லுக்குச் செல்லும் பாதையில் போனவர்கள் மரமுந்திரிகைத் தோட்டங்களைக் கண்டிருப்பார்கள். எழுவன்குளம் வழியாகப் பள்ளக்கண்டல் புனித அந்தோனியாரிடம் யாத்திரை போகும் குடும்பங்களுக்கு இது பழகிய பாதை. கஜு என்று நாம் விரும்பி உண்ணும் பருப்பை மூடியிருக்கும் ஓட்டினுள் ஒருவகை எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும் எண்ணெய் அது. அந்த எண்ணெயிலிருந்து இன்று பிளாஸ்ரிக்கும் செய்யப்படுகிறது. அதனைக் குறித்து ஒரு கேள்வியை வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

நாம் படுக்கும் பஞ்சு மெத்தை, கதிரையின் மெத்திருக்கை, குளிர்சாதனப் பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரை, சப்பாத்தின் அடிப்பாகம் ஆகியவற்றுள் பல பொலியூரிதேன் என்னும் பிளாஸ்ரிக்கினால் ஆனவை. 1937 இல் ஜெர்மனியில் ஒட்டோ பாயர் என்ற இரசாயன அறிஞரும் அவரது துணைவர்களும் இதனைக் கண்டுபிடித்தார்கள். பொலியோல், ஐசோசயனேற்று என்ற இரு பொருட்கள் சேரும்போது இது உருவாகிறது. இரண்டுமே பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்து வந்தவை. இப்போது பொலியோலைத் தாவரங்களிலிருந்து பெறுகிறார்கள். இந்தியா ஏராளமாக விளைவிக்கும் ஆமணக்கின் எண்ணெய் இதற்கு உதவுகிறது. போர்ட் நிறுவனம் தனது 2008 ஆம் ஆண்டு மாதிரியான முஸ்ராங் காரின் இருக்கைகளில் சோயா எண்ணெயிலிருந்து செய்த நுரையைச் சேர்த்தது. மரமுந்திரிகை ஓட்டெண்ணெயைச் சூடாக்கிப் பெறும் கார்டனோல் என்ற பொருளும் இவ்வாறே பயன்படுகிறது.

இது நல்ல முயற்சி என்பதில் ஐயமில்லை. பெற்றோலியம் ஒருநாள் தீர்ந்துபோகும். மரமோ ஆண்டுதோறும் காய்க்கும். சோயா பயிரிட உணவு விளையும் நிலம் வேண்டும். மரமுந்திரிகை ஓடோ எவருடைய உணவையும் பறிப்பதில்லை. பருப்பை எடுத்தபின் எஞ்சுவது அது. கழிவைப் பயனாக்கும் அறிவு இறைவன் மனிதனுக்கு ஈந்த கொடையன்றோ?

ஆயினும் ஒரு பொருள் மரத்திலிருந்து பிறந்துவிட்டது என்பதனாலேயே அது குற்றமற்றதாகி விடுமா? இதுவே நமது கேள்வி.

முதலாவதாக, மரத்திலிருந்து வருவது பொருளின் ஒரு பாதியே. மறுபாதியான ஐசோசயனேற்று பெரும்பாலும் இன்னும் பெற்றோலியத்திலிருந்தே வருகிறது. அதனைச் செய்வதற்கு வழமையாகப் பொஸ்ஜீன் என்னும் வாயு பயன்படுகிறது. முதலாம் உலகப் போரில் போர்வீரரைக் கொன்ற நச்சு வாயு அது. ஐசோசயனேற்றின் ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளருக்கு ஆஸ்துமா நோய் வருவதுண்டு. 1984 டிசம்பரில் போபால் நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட நஞ்சும் இதே இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது பூச்சிமருந்துத் தொழிற்சாலை. பொலியூரிதேன் அங்கே செய்யப்படவில்லை. ஆனாலும் இத்தகைய பொருட்களோடு விளையாட முடியாது என்பதற்கு அது சாட்சி. பாதியை மட்டும் காட்டி முழுவதும் பசுமை என்று விற்பது அரை உண்மை. அரை உண்மையும் பொய்ச்சாட்சிதான் என்று நமது பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்.

இரண்டாவதாக, ஓட்டை உடைக்கும் கைகள். கையாலேயே இத்தொழில் நடக்கும் இடங்களில் பெரும்பாலும் பெண்களே ஓட்டை உடைக்கிறார்கள். எண்ணெய் பட்ட விரல்கள் கறுத்து, தோல் உரிந்துபோகிறது. அந்த எண்ணெய்க்கு நாளை நல்ல விலை கிடைக்குமானால் அந்தத் தாய்மாருக்குக் கையுறை கிடைக்குமா? நியாயமான கூலி கிடைக்குமா? முதலைவிட உழைப்பே முதன்மையானது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 இல் உழைப்பைப் பற்றிய தமது சுற்றுமடலில் போதித்தார். புதிய தொழிலையும் இந்த அளவுகோல் கொண்டே அளக்க வேண்டும்.

மூன்றாவதாக, பொருளின் முடிவு. மரத்திலிருந்து வந்த பிளாஸ்ரிக் மரத்தைப் போல மண்ணில் மக்கிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. ஒருமுறை இறுகிய மெத்தை நுரையைச் சாதாரண பிளாஸ்ரிக் போல உருக்கி மீண்டும் வார்க்க முடியாது. பழைய மெத்தை எங்கே போகிறது?

இந்தக் கேள்வி நம்மை மீண்டும் வண்ணாத்திவில்லுக்கே கொண்டு வருகிறது. 2017 ஏப்ரல் 14 ஆம் நாள், புனித வெள்ளியும் புத்தாண்டும் ஒன்றாக வந்த நாளில், கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பின் குப்பையை 150 கிலோமீற்றருக்கும் அப்பால், வண்ணாத்திவில்லுப் பிரிவிலுள்ள அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் அதன்பின் விரைந்தது. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பூமி அது. புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனாலும் 2019 இல் குப்பை லொறிகள் வந்தன.

குப்பை எங்காவது போகத்தானே வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மீதொட்டமுல்லையில் மாண்டவர்களும் எளிய மக்களே. ஆனால் ஓர் ஏழையின் வாசலிலிருந்த சுமையை வேறோர் ஏழையின் வாசலில் இறக்கி வைப்பது தீர்வாகுமா? லூக்கா நற்செய்தியில் வரும் செல்வந்தன் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஆண்டவர் சொல்லவில்லை. தன் வாசலில் கிடந்தவனை அவன் பொருட்படுத்தவில்லை. அதுவே அவன் குற்றம். நம்முடைய வாசலோ இன்று நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே காணாமலிருப்பது நமக்கு அவனைவிட எளிது.

மரத்தை அதன் கனியைக் கொண்டு அறியும்படி ஆண்டவர் கற்பித்தார். பொருளையும் அது எந்த வேரிலிருந்து வந்தது என்பதை மட்டும் கேட்டு மதிப்பிடலாகாது. யாருடைய கை புண்ணானது, யாருடைய நிலத்தில் அது கிடக்கப் போகிறது என்பனவும் அதன் கனிகளே. பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க முடியாது என்பதே காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலின் உட்பொருள்.

அறிஞர்கள் தங்கள் ஆய்வைத் தொடரட்டும், அவர்களுக்காகச் செபிப்போம். நமது வீடுகளில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. உறை கிழிந்த மெத்தைக்குப் புது உறை தைக்கலாம். அடி தேய்ந்த சப்பாத்தைத் தைப்பவரிடம் கொடுக்கலாம். பசுமை என்று எழுதிய பொருளை வாங்குமுன், இது நமக்குத் தேவைதானா என்று ஒருமுறை கேட்கலாம். அடுத்த முறை பள்ளக்கண்டலுக்குப் போகும்போது அந்த மரமுந்திரிகை மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நமது வீட்டு மெத்தை தொடங்கக்கூடிய இடமும் முடியக்கூடிய இடமும் இந்த மண்ணே என்று சொல்லிக்கொடுங்கள்.