எட்டும் குரலும் எழும் கடமையும்

2025-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த எல்.வி.எம்.3 ஏவூர்தி, ஏ.எஸ்.டி. ஸ்பேஸ்மொபைல் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் புளூபேர்ட் பிளாக்-2 செயற்கைக்கோளை விண்ணில் சேர்த்தது. அதன் எடை ஏறத்தாழ 6,100 கிலோ. இந்திய மண்ணிலிருந்து அந்த ஏவூர்தி அதுவரை சுமந்து சென்றவற்றுள் அதுவே மிகக் கனமானது. புவிக்கு மேல் சுமார் 520 கிலோமீட்டர் உயரத்தில் 223 சதுர மீட்டர் அலைவாங்கியை விரித்து, தரையிலுள்ள கோபுரங்களை நாடாமல், சாதாரணக் கைப்பேசியோடு நேரே தொடர்புகொள்வது அதன் நோக்கம். கைப்பேசியின் குரல் மெலிது. ஆகவே வானத்துச் செவி பெரிதாக வேண்டியிருக்கிறது.

இப்பெருஞ்செவி யாருடைய குரலைக் கேட்கும்? இதுவே நம் வினா.

நம் புதுவையின் வைத்திக்குப்பத்திலிருந்தோ வீராம்பட்டினத்திலிருந்தோ கடலுக்குச் செல்வோரின் கைப்பேசி, கரையை விட்டு நெடுந்தொலைவு விலகியதும் ஊமையாகிவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, குமரி மாவட்ட மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பலர் கரை திரும்பவே இல்லை.

இயலாததற்கு எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பது அறநெறி இறையியலின் பழைய கோட்பாடு. தொலைவைக் காட்டி நாம் ஆறுதல் பெற்றதும் அதனால்தான். ஆயின் அக்கோட்பாட்டிற்கு மறுபக்கமும் உண்டு: இயலும் என்றான அன்றே கடமையும் பிறந்துவிடுகிறது. அறிவியல் நம் ஆற்றலைப் பெருக்குகையில் நம் பொறுப்பையும் பெருக்குகிறது.

இது வணிகமன்றோ, முதலிட்டோர் ஊதியம் நாடுவது தவறா எனக் கேட்கலாம். தவறன்று. ஆயினும் பொழுதுபோக்குப் பேச்சுக்குக் கட்டணம் கேட்பது வேறு. மூழ்குகிறவனின் கூக்குரலுக்குக் கட்டணம் கேட்பது வேறு. நம் கடற்கரையில் 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், வருகின்ற கலம் யாருடையது என்று வினவியதில்லை. கப்பலுக்கும் கட்டுமரத்திற்கும் அதன் ஒளி ஒன்றே. விண்வழிச் சேவைக்கு உரிமம் வழங்கும் அரசுகள், ஆபத்து வேளை அழைப்பும் புயல் எச்சரிக்கையும் எவருக்கும் கட்டணமின்றிக் கிட்ட வேண்டுமென முதல் நிபந்தனை விதித்தல் நீதியாகும்.

அதுவும் போதாது. எரிகோவுக்குச் செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியரும் கண்ணாரக் கண்டே விலகிச் சென்றனர். அவர்களிடம் குறைவுபட்டது செய்தியன்று, நெஞ்சம். குரல் வந்து சேர்ந்தபின் மீட்புப் படகு புறப்படவில்லையெனில், விண்ணில் விரிந்த செவியால் யாருக்கு என்ன பயன்? கேளாதிருந்த காலத்தில் நமக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. கேட்டும் வாளாவிருப்போமாயின், இனி என்ன மறுமொழி சொல்வோம்?