மௌனம் எப்போது சம்மதம்?

திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த அம்பகரத்தூரில் ஒரு பழைய வீடு. அதில் தனித்திருப்பவர் கணவரை இழந்த முதிய பெண்மணி. நமக்கு மாமி முறை. அவருடைய கொழுந்தன்மாரும் அவர்தம் பிள்ளைகளும் சிங்கப்பூர், ரியாத், பாரிஸ் என்று திசைக்கொருவராய் இருக்கிறார்கள். காரைக்கால் பக்கத்துக்கு இது புதிதன்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண் அது. கடல் கடந்து போனவர்கள் அங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பங்கள் அங்கே பல.

அந்த வீட்டை விற்பதா, பழுது பார்ப்பதா என்று முடிவெடுக்க, நோன்புக்கு முன்னர் ஒரு கூட்டம் கூடிற்று. கூடிற்று என்பதும் பேச்சுக்குத்தான். ஜூம் வழியாகக் கைப்பேசித் திரையில் பதின்மூன்று கட்டங்களில் பதின்மூன்று முகங்கள். நம் ஊரில் இரவு ஒன்பது மணி. பாரிசில் மாலை நாலரை, சிங்கப்பூரிலோ பதினொன்றரை. நாமும் அதில் ஒரு கட்டத்துக்குள் இருந்தோம்.

ஒன்றரை மணி நேரம் பேச்சு நடந்தது, பேசியவர்கள் நால்வரே. மாமியிடம் ஏழெட்டு முறை ஒரே கேள்வி கேட்கப்பட்டது: "மாமி, கேட்குதா?" "கேட்குது வாப்பா" என்றார் அவர். பாரிசில் பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவன் தமிழை விளங்கிக்கொள்வான். ஆனால் ஒரு வாக்கியத்தைத் தமிழில் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். இறுதியில், மாமி கடைசி வரை சொந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், அவருக்காகவே பழுது பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்றார் மூத்தவர். எவரும் வாய் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் அல்லவா!

கேட்டல் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. அன்று மாமி எல்லாவற்றையும் கேட்டார். மாமியை எவரும் கேட்கவில்லை. இது நமக்கு அப்போது உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் வழக்கம் நம் ஷரீஅத்திலும் உண்டே என்பர் சிலர். உண்டு, எங்கே, எவ்வாறு என்று பார்க்க வேண்டும். திருமணத்தில் கன்னிப்பெண்ணிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அவள் நாணத்தால் பேசமாட்டாளே என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் வினவியபோது, அவளது மௌனமே அனுமதி என்று விளக்கினார்கள். ஆக, கேள்வி முதலில், மௌனம் பிறகு. கேட்கப்படாதவரின் மௌனத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. அதிலும், முன்பு மணமானவளுக்கு மௌனம் போதாது. அவள் வாய்மொழியே வேண்டும். நிக்காஹ் சட்டத்தைக் குடும்பப் பேச்சில் புகுத்துவது நம் நோக்கமன்று. ஆனால் அதனுள் இருக்கும் நெறி, விதவையான மாமியை நினைக்கும்போது, நம்மைச் சும்மா விடவில்லை.

பேச விரும்புகிறவர் தாமே பேசலாமே, யார் தடுத்தார்கள் என்ற வாதமும் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. திருமறையின் 80ஆம் அத்தியாயமான 'அபஸ' இறங்கிய வரலாற்றை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். குறைஷித் தலைவர்களுடன் பெருமானார் (ஸல்) உரையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தீனின்பால் அழைக்கும் உயர்ந்த பணி அது. இடையே வந்தவர் கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). முகத்தில் தோன்றிய சிறு சுளிப்பை அவரால் காணவும் இயலாது. அதற்கும் இறைவனின் கண்டிப்பு வந்தது. தீய எண்ணத்தால் மட்டுமா ஒருவர் ஒதுக்கப்படுகிறார்? முக்கியமான வேலை நடக்கிறது என்ற நல்ல காரணத்தாலும் ஒதுக்கப்படலாம். அன்றைய நம் கூட்டத்தில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவருமில்லை.

பேச்சும் ஒரு பந்தி போலத்தான். பலர் சேர்ந்து உண்ணும்போது, உடனிருப்போரின் அனுமதியின்றி இரண்டு பேரீச்சம்பழங்களைச் சேர்த்து எடுத்து உண்ணலாகாது என்பது நபிமொழி. ஒரே சஹனில் கைவைத்து உண்ணும் நம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை; மெல்ல உண்பவர் பக்கம் கறித்துண்டை ஒதுக்கிவைக்கும் கைகளை நாம் பார்த்திருக்கிறோம். அதே கைகள் திரைக்கு முன்னே பேச்சில் மட்டும் இரண்டிரண்டாக எடுத்துக்கொள்கின்றன.

முறை வைத்துக் கேட்டால் கூச்சமுள்ளவர் தடுமாறிப்போவாரே என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். அத்தகையவரை முதல்நாளே தனியே அழைத்துக் கேட்டுவைக்கலாம். மூத்தவர் தம் கருத்தைக் கடைசியில் சொல்லலாம். முதலில் சொல்லிவிட்டால் பிறகு யார் மறுப்பார்?

மறு வாரம் அஸருக்குப் பின் மீண்டும் கூடினோம். இரவில் மாத்திரை உண்டதும் மாமிக்குக் கண் சொருகிவிடும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூத்தவர் அவரிடமே தொடங்கினார். மாமி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். முழங்கால் வலியோடு கொல்லைக் கிணற்றடி வரை நடக்க முடியவில்லை என்றார். இரவில் தனியே படுக்கப் பயமாயிருக்கிறது. காரைக்காலில் லாத்தா வீட்டோடு போய்விட வேண்டுமென்று இரண்டு வருடமாக நினைத்திருந்தாராம். "நீங்க எல்லாரும் இந்த வூட்டு மேலே ஆசையா இருந்தீங்க, அதான் சொல்லலே" என்றார்.

திரையில் சற்று நேரம் ஓசையில்லை. பாரிசிலிருந்த பையன்தான் முதலில் பேசினான். "பெரியம்மா, எப்போ போகணும்?" என்று திக்கித் திக்கிக் கேட்டான்.