கொக்கு யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை

1784 ஜனவரியில் பாரிஸிலிருந்து பெஞ்சமின் பிராங்க்ளின் தன் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு பறவையின் ஒழுக்கத்தைப் பிடித்து விளாசியிருந்தார். 1782இல் அமெரிக்காவின் அரசு முத்திரையில் இடம்பிடித்திருந்த வெண்தலைக் கழுகுதான் அது. ஆற்றோரத்துப் பட்ட மரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். விராலடிப்பான் பாடுபட்டு மீனைப் பிடித்துக் கூட்டுக்குக் கொண்டுபோகும்போது துரத்திப் பிடுங்கிக்கொள்ளும். உழைச்சுத் திங்காத இதுவா ஒரு நாட்டுக்கு அடையாளம் என்பது அவர் கேள்வி.

அவருடைய உண்மையான கோபம் வேறு. கழுகைச் சின்னமாக வைத்து ராணுவ அதிகாரிகள் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அதன் உறுப்பினர் தகுதி தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்குப் போகும். அப்பன் சம்பாதித்த மரியாதையில் பிள்ளை மிதப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கோபம் மனிதர்கள் மேல், திட்டு வாங்கியது கழுகு.

நம்ம ஊரில் அந்த வேலைக்குக் கொக்கு இருக்கிறது. பஞ்சதந்திரத்தில் அது போலிச் சாமியார். திருக்குறளில், காலமறிதல் அதிகாரத்தில், அதே கொக்கு அரசனுக்கு ஆசான்: காத்திருக்க வேண்டிய நேரத்தில் அதைப்போல ஒடுங்கி இரு, நேரம் வாய்த்தால் அதைப்போலக் குத்து. ஒரே பறவை, ஒரே ஒற்றைக்கால் நிலை. ஓரிடத்தில் வஞ்சகம், இன்னோரிடத்தில் விவேகம். அப்படியென்றால் அந்த ஒழுக்கம் கொக்கிடம் இருக்கிறதா, நம்மிடமா?

கொக்கு உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். நீருக்குள் இருக்கும் மீன், ஒளி வளைவதால், இருக்கும் ஆழத்தைவிட மேலே இருப்பதுபோலத் தெரியும். தெரியும் இடத்தில் குத்தினால் குறி தப்பும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டித்தான் கொக்கு குத்துகிறது. மடிந்திருக்கும் கழுத்து கண்ணிமைக்கும் நேரத்தில் நீளும். நாம் தவம் என்றோ வேஷம் என்றோ சொல்வது, ஒரு கணக்கு முடியும்வரை உடம்பை அசைக்காமல் வைத்திருப்பதை.

ஒவ்வொரு பறவைக்கும் ஒவ்வொரு வழி. சின்ன வெள்ளைக்கொக்கு மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கிளறி, ஒளிந்திருப்பதை வெளியே விரட்டும். பாம்புத்தாரா நீருக்குள் முங்கி, மூடிய அலகால் மீனைக் குத்தும். நீர்க்காகம் முங்கித் துரத்திக் கவ்வும். அதன் இறகில் நீர் ஊறுவதால் மிதப்பு குறைந்து முங்குவது எளிது. விலையாக, அப்புறம் வெயிலில் இறக்கை விரித்துக் காய வேண்டும். வெள்ளைக் கூழைக்கடாக்கள் அரைவட்டமாக அணிவகுத்து மீன்களை ஆழமில்லாத பக்கம் தள்ளிக்கொண்டுபோய், ஒரே நேரத்தில் அலகை முக்கும். இதில் எது நேர்மை? நேராகத் துரத்தும் நீர்க்காகம் வீரன், கூட்டாகச் சூழும் கூழைக்கடா தோழர், நின்று குத்தும் கொக்கு கயவன் என்றெல்லாம் பட்டம் கொடுக்கலாம். மீனைக் கேட்டால் எல்லாம் ஒண்ணுதான்.

கொஞ்சம் சிக்கலான ஆளும் உண்டு. ஜப்பானின் குமமோட்டோவில் சிறு பச்சைக் கொக்குகள் பூச்சியையோ இறகையோ நீரில் போட்டுவிட்டுக் காத்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரையென்று நம்பி மீன் வரும், கொத்தும். சுத்தமான தூண்டில். இதை ஏமாற்று இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஏமாற்றுதான். ஆனால் துரோகம் இல்லை. ஏமாற்றுக்கு எதிராளியின் பசி போதும். துரோகத்துக்கு, அவன் நம்பலாம் என்று நாம் முன்பே கொடுத்த ஓர் உறுதி வேண்டும். பஞ்சதந்திரக் கதையை மறுபடி யோசியுங்கள். அந்தக் கொக்கு கயவனானது ஒற்றைக்காலில் நின்றதால் இல்லை. குளம் வற்றப்போகுது, உங்களை வேறு குளத்தில் விடுகிறேன் என்று வாயைத் திறந்து வாக்குக் கொடுத்ததால். மீன்கள் அதன் வாய்க்குள் தாமாகவே போனது அந்தச் சொல்லை நம்பித்தான். கதையாசிரியர் கொக்குக்குப் பேச்சைக் கொடுத்த நொடியில் அது மனிதனாகிவிட்டது. நண்டு அதன் கழுத்தை நறுக்கும்போது நமக்கு நியாயமாகப் படுவதும் அதனால்தான். குளத்தில் நிற்கும் நிஜக் கொக்கு எந்த மீனுக்கும் எந்த வாக்கும் தரவில்லை.

கழுகுக்கும் இதே கதி. மீனைப் பறிகொடுத்த விராலடிப்பானின் குஞ்சு அன்று பசியோடு கிடக்கலாம். அது தீங்கு. குற்றம் என்று சொல்ல வேண்டுமானால், இது உன்னுது, இது என்னுது என்ற ஒப்பந்தம் இருவருக்கும் நடுவே இருந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் பறவைகளை விடுவிக்கும் வாதம். மனிதர்களை விடுவிக்காது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்பதை நம் மரபு மச்ச நியாயம் என்று அழைத்தது. அர்த்தசாஸ்திரம் அதைப் பின்பற்ற வேண்டிய நெறியாகச் சொல்லவில்லை. ஆட்சி இல்லாவிட்டால் நேரும் கேடாகச் சொன்னது. இன்றைக்கு அதே வாக்கியம் தலைகீழாக வருகிறது. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவன், பேசிய சம்பளத்தைப் பாதியாக்குகிற முதலாளி, இருவருக்கும் ஒரே பதில்: "உலகம் அப்படித்தான் தம்பி, இதான் இயற்கை."

இல்லை. இயற்கையில் ஆஃபர் லெட்டர் கிடையாது. கொக்கின் நிரபராதித்தனம் அது ஒன்றும் சொல்லாததிலிருந்து வருகிறது. சொன்னவர்களுக்கு அதைக் கடன் வாங்க உரிமை இல்லை. அடுத்த முறை யாராவது தன் செயலுக்குச் சாட்சியாக ஒரு கழுகையோ கொக்கையோ கூட்டிவந்தால், அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: நீங்க என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?