வெளியே வைத்த வாள்

ரசனை மனிதனைப் பண்படுத்தும் என்பது நம்மிடையே கேள்விக்குள்ளாகாத ஒரு நம்பிக்கை. ஸாமுராய்களைப் பற்றிய எழுத்துகளிலும் இது தவறாமல் வந்துவிடுகிறது: கொலைத் தொழிலினர்தாம், ஆனாலும் தேநீர்ச் சடங்கையும் மட்பாண்டத்தையும் போற்றியவர்கள். எனக்கு இந்த 'ஆனாலும்' உறுத்துகிறது.

ஸென் நோ ரிக்யூ அமைத்ததாகக் கருதப்படும் தேநீர் அறையொன்று கியோத்தோவுக்கு அருகே யாமாஸாகியில் இன்றும் இருக்கிறது. உள்ளே இரண்டு பாய் விரிக்கத்தான் இடம். ஆளுயர வாசல் கிடையாது. குனிந்து ஊர்ந்து நுழையவேண்டும். வாளை வெளியே வைத்துவிட வேண்டும். உள்ளே பிரபுவும் வணிகனும் சமம் என்பது சடங்கின் தர்மம். ரிக்யூவே ஸகாய் நகரத்து வணிகக் குலத்தவர். அவருடைய புரவலர் ஹிடேயோஷி, தமக்கென்று கழற்றி மாட்டக்கூடிய தங்கத் தேநீர் அறை ஒன்றையும் செய்துகொண்டார். 1591-ல் ரிக்யூவை வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி ஆணையிட்டார். காரணம் குறித்து அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். வெளியே வைத்த வாள் வெளியிலேயே காத்திருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மறு ஆண்டு ஹிடேயோஷியின் படைகள் கொரியாவில் இறங்கின. பெயரறியாக் குயவர்கள் வனைந்த கொரியக் கிண்ணங்களைத் தேநீர் ரசிகர்கள் ஏற்கனவே பொக்கிஷமாக மதித்துவந்தார்கள். போர் முடிந்து 1598-ல் திரும்பியபோது, பிரபுக்கள் குயவர்களையே பிடித்துக்கொண்டு வந்தார்கள். அரிடா, ஹாகி, ஸாட்ஸுமா மட்பாண்ட மரபுகள் அவர்கள் கையில் பிறந்தவை. கொரியர்களின் அறுத்த மூக்குகளும் உப்பிலிடப்பட்டுக் கப்பலேறின. அவற்றைப் புதைத்த மேடு கியோத்தோவில் இருக்கிறது. ஆக, ரசனை கொடுமையைத் தடுக்கவில்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. யாரைக் கொன்றுவிடலாம், யாரைக் கவர்ந்துவர வேண்டும் என்று பிரித்துக் காட்டியதும் அதுதான்.

அதற்காகக் கிண்ணத்தை நிராகரிப்பதா? அப்படிச் செய்தால் அதையும் புரவலன் கணக்கில் எழுதிவைத்ததாக ஆகும். கிண்ணத்தின் அழகு பொய்யல்ல. அது குயவனுக்குச் சாட்சி சொல்கிறது. உடைமையாளனின் நற்சான்றிதழாக அதை நீட்டுவதைத்தான் மறுக்கவேண்டும்.

ரிக்யூவின் வாசல் ஒரு நாழிகை வாளைக் கழற்ற வைத்தது. கலை செய்யக்கூடியது அவ்வளவே, அது அற்பமுமல்ல. அந்த நாழிகைக்குப் பிறகும் வாள் எடுக்கப்படாதிருக்க வேண்டுமென்றால், அது அறத்தின் பாடு. அதை ரசனையிடம் ஒப்படைத்துவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது.