ஊர்ப்படத்தில் விடுபட்டவை



மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து, பதுளைப் பட்டணத்தை வரையச் சொன்னேன். பேராலயம், முதியங்கனை விகாரை, பஸ் நிலையம், சந்தை, 1924-ல் இங்கு வந்து முடிந்த ரயில் பாதை எல்லாம் சரியாகவே வந்தன. பதுளு ஓயா ஒரு நீலக்கோடு. அதன் கரையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விழித்தார்கள். தோட்டத்திலிருந்து வரும் ஒரு சிறுமி மட்டும் தன் லயத்தையும், பீலியையும், பக்கத்துப் பலாமரத்தையும் வரைந்து, கிளையில் ஒரு செண்பகத்தை இருத்தியிருந்தாள். "இது டவுன் இல்லையே!" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஆண்டவர் ஆதாமைத் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்திக் காக்கச் சொன்னார். (தோட்டம் என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும், அதுவும் பொருத்தந்தான்.) பிறகு மிருகங்களையும் பறவைகளையும் அவனிடம் கொண்டு வந்தார், பெயரிடுவதற்காக. பெயர் தெரியாத மரத்தை வெட்டும்போது கை கூசுவதில்லை.

பெயர் விடுபடுவதன் வேதனையை நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1948-ம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. எஞ்சியிருந்தோருக்கு 2003-ல் வந்த சட்டமே வழி திறந்தது. இன்றும் எத்தனையோ லயக் காம்பராக்களுக்குத் தனி விலாசம் இல்லை. பதிவேட்டில் இல்லாதவனை அப்புறப்படுத்துவது எளிது. இதை அனுபவித்த நாமே, ஓயாக்கரை மருதமரத்தையும் அதிலுள்ள கூட்டையும் கணக்கில் சேர்க்காமல் விடலாமா?

இது பிள்ளை விளையாட்டன்று. கொழும்பின் சதுப்பு நிலங்களைக் குப்பை கொட்டவும் மண் நிரப்பவுமே ஏற்றவை என்று பலர் எண்ணியிருந்தார்கள். அவற்றை வரைபடத்தில் குறித்து, அங்கு வாழ்பவற்றைக் கணக்கெடுத்தபோது, மாடி வீடுகளின் கொல்லைப்புறத்திலேயே மீன்பிடிப் பூனை வாழ்வது தெரிந்தது. மழை வெள்ளத்தை ஏந்திக்கொள்வதும் அந்தச் சேறுதான். 2010 நவம்பரில் பாராளுமன்றமே வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2018-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று.

நம் ஊவாவில்? அப்புத்தளை அடிசம் ஆசிரமத்துக்குப் போய் ஜாம் வாங்கி வந்த குடும்பங்கள் அநேகம். அருகிலுள்ள தங்கமலைக் காடு 1938 முதல் சரணாலயம் என்பதை அறிந்து, அங்கே சற்று நின்று பறவைகளைக் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர்?

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், ஒவ்வொரு பிரதேசமும் தன்னிடம் வாழும் உயிரினங்களைக் கவனமாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று கேட்கிறார். காசுக்கு இரண்டாக விற்கப்பட்ட குருவியையும் பிதா மறப்பதில்லை என்று இயேசு சொன்னாரே, அந்தக் கணக்குத்தான் இது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை ஓயாக்கரைக்கு அழைத்துப் போனேன். மீன்கொத்தி, கொக்கு, உடும்பு, இரண்டு வகை மைனா என்று தாள் நிறைந்தது. திரும்பும் வழியில், கடை வாசலில் ஒருவர் ஊர்க்குருவிக்காக முட்டி கட்டித் தொங்கவிட்டிருப்பதைக் கண்டு அதையும் குறித்தார்கள். பீடத்தருகே குருவிக்கு வீடு கிடைத்ததென்று பாடும் 84-ம் சங்கீதத்தை அவர்களுக்கு அங்கேயே சொன்னேன்.

ஆறு மரங்களுக்கு என்னிடமும் பெயர் இல்லை. "என் அப்பாயிக்குத் தெரியும் சாமி, கேட்டு வாறேன்" என்றாள், செண்பகம் வரைந்த சிறுமி. அந்த இடங்களை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம்.