ஃபில்டரில் என் கையெழுத்து

போன சனிக்கிழமை காலை, நியூஜெர்சி வீட்டின் கராஜில், என் 1995 மாஸ்டா மியாட்டாவுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடக்கி வைக்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். எனக்குக் கட்டுப்படியான ஒரே ஆடம்பரம். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, 19 நம்பர் ஸ்பேனரால் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினேன். கருப்பாக, வெதுவெதுப்பாகக் கொட்டியது. அதுவரை சுகம்தான்.

கஷ்டமெல்லாம் ஃபில்டரில். அதை வடிவமைத்த புண்ணியவான்கள் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தடவித்தான் பிடிக்க வேண்டும். கழற்றினால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஆயில் ஓடும். அப்படி ஓடவிட்டு வெளியே எடுத்த ஃபில்டரில் மார்க்கரால் ஒரு தேதி எழுதியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. என் கையெழுத்து.

போன வருடம் எனக்கு முதுகுவலி. அதனால் ஒரு கடையில் கொடுத்து ஆயில் மாற்றினேன். பில்லில் ஃபில்டருக்கும் காசு போட்டிருந்தார்கள். வேலை செய்தவரின் பெயரும் இருந்தது.

ஆயில் கையோடு அங்கேயே உட்கார்ந்து போனை எடுத்தேன். ஒற்றை நட்சத்திரம், ஃபில்டரின் படம், அந்த ஆளின் பெயர், நாலு வரி. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா கராஜ் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோவை உக்கடத்தில் 34 வருடம் பட்டறை வேலை பார்த்தவர். சின்ன வயதில் என்னை அந்தப் பக்கமே விடமாட்டார். பையன் கையில் கிரீஸ் படக்கூடாது என்பதற்காகவே உழைத்த மனுஷன், அதே பையன் லீவு நாளில் ஆசைப்பட்டுக் கிரீஸ் பூசிக்கொள்வதைப் பார்த்து என்ன நினைத்தாரோ. காலையிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: "பழைய ஆயிலை என்ன பண்ணுவ?" ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இலவசமாக வாங்கிக்கொள்வார்கள் என்றேன். "எங்ககிட்ட சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் காசு குடுத்து வாங்கிட்டுப் போவாங்க" என்றார்.

ஃபில்டரைக் காட்டினேன். "பாருங்கப்பா, ஏமாத்திட்டான்."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை போகாத எடத்துல இருக்குது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டியோ."

"அதுக்காக? காசு வாங்கியிருக்கானே."

"தப்புதான் சாமி. இல்லைங்கல."

பிளேட்டோவின் 'குடியரசு' முதல் பகுதியில் சாக்ரடீஸ் ஒரு பிரிவினை செய்கிறார். மருத்துவம் தருவது உடல்நலம், கப்பல் ஓட்டும் கலை தருவது கடலில் பாதுகாப்பு. கூலி இவற்றிலிருந்து வருவதில்லை. கூலி சம்பாதிப்பது தனியாக இன்னொரு கலை. முதலில் படித்தபோது அழகான வாதமாகப் பட்டது. கராஜ் தரையில் வைத்து யோசித்தால் உறுத்துகிறது. என் வேலையில் அந்த இரண்டாவது கலை கிடையவே கிடையாது. ஏறத்தாழ நாலு லிட்டர் ஆயிலை மாற்ற எனக்கு மூன்று மணி நேரம், நடுவில் காபி. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவுகிறேன். பழைய வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன் (ஒட்டியிருந்தால் புதுசு அதன் மேலேயே உட்கார்ந்து, வண்டி ஓடும்போது ஆயில் பீறிட்டுவிடும்). இதையெல்லாம் என் சிரத்தை, என் நேர்மை என்றே இதுவரை நினைத்திருந்தேன். இது நேர்மையா, இல்லை சனிக்கிழமையா?

அதற்காக அந்த ஆளை அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. அவசரத்தில் ஃபில்டரை விட்டுவிடலாம், பில்லில் எப்படி எழுதலாம்? ஆனால் அந்தக் கடை வாசலில் 'முப்பது நிமிடத்தில்' என்று பெரிய பலகை இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நானும் உள்ளே போனேன். முப்பது நிமிடம் என்று முடிவு செய்தவரின் பெயர் பில்லில் இல்லை.

"எம்பத்தெட்டுல ஒரு அம்பாசிடர்" என்று திடீரென்று ஆரம்பித்தார் அப்பா. "ட்ரெயின் போல்ட்டைக் கையில திருகி வெச்சுட்டு இன்னொரு வண்டியைப் பார்க்கப் போயிட்டேன். மொதலாளி அதுக்குள்ள சாவியக் குடுத்துட்டாரு. கிணத்துக்கடவு தாண்டல, இன்ஜின் சீஸ் ஆயிருச்சு."

"அப்புறம்?"

"கூட இருந்த பையன் போட்டதுன்னு மொதலாளி நெனச்சுக்கிட்டாரு. மறுநாள் அவனை வர வேண்டாம்னுட்டாங்க."

"நீங்க சொல்லலையாப்பா?"

ரொம்ப நேரம் ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு அப்ப ரெண்டு வயசு" என்றார்.

பையனின் பெயரைக் கேட்டேன். யோசிக்காமல் உடனே சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, டார்க் ரெஞ்சில் 35 நியூட்டன் மீட்டர் வைத்து முறுக்கினேன். கிளிக் கேட்டது. "இன்னொருக்கா பாரு" என்றார் அப்பா. பார்த்தேன்.

அந்த நாலு வரி போனில் இன்னும் அனுப்பாமல் கிடக்கிறது. ஆளின் பெயரை எடுத்துவிட்டேன், கடையைப் பற்றி மட்டும் வைத்திருக்கிறேன். அனுப்பினால் முதலாளி பழைய பில்லைத் தேடி எடுத்து, யாரை வர வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும்.